பெட்டிக்குள் இரண்டு இயங்குதளம்: கம்பம் பள்ளத்தாக்குக்கு டூயல் பூட் வந்த கதை

தேனி மாவட்டத்துப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கையில் இரண்டு இயங்குதளம் கொண்ட கணினி பரவலாகச் சேர்ந்தது 2011-க்குப் பிறகு. தமிழ்நாடு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி அதைக் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் ஒரு சிறு பட்டியல் வரும். ஒரு வரியில் விண்டோஸ், இன்னொரு வரியில் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ‘பாஸ்’. அம்புக்குறி விசையால் ஒன்றைத் தேர்ந்து என்டர் தட்ட வேண்டும். சில நொடிகள் எதையும் தொடாவிட்டால், ஏற்கெனவே குறித்து வைத்த இயங்குதளம் தானாகவே ஏறிவிடும். உலகின் மற்ற பகுதிகளில் இப்படிப்பட்ட ஏற்பாட்டைக் கணினிப் பித்துப் பிடித்தவர்கள் தாங்களாகவே, இரவெல்லாம் விழித்து, பலமுறை தப்பு செய்து உண்டாக்கிக்கொண்டார்கள். இங்கே அது டெண்டர் நிபந்தனையாக எழுதப்பட்டு, அட்டைப்பெட்டிக்குள் தயாராக வந்து இறங்கியது.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க் தேவையில்லை. ஒரே டிஸ்க்கைப் பாகம் பிரித்தால் போதும். அந்தப் பாகத்தைத்தான் பார்ட்டிஷன் என்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக வயலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நிலம் ஒன்றே, வரப்பு போட்டால் இரண்டு வயல். வரப்புக்கு அந்தப் பக்கம் என்ன விதைப்பது, எப்படி உழுவது என்பதில் இந்தப் பக்கத்துக்காரர் தலையிட முடியாது. கணினியில் ஒரு கூடுதல் கட்டுப்பாடு உண்டு. மடை ஒன்றுதான், நினைவகமும் செயலியும் ஒரு நேரத்தில் ஒரு வயலுக்கே முழுதாகத் திறந்துவிடப்படும். அடுத்ததற்குப் போக வேண்டுமென்றால் ஓடுவதை நிறுத்தி, கணினியை அணைத்து, மறுபடி தொடங்க வேண்டும். மடையைத் திருப்பிவிடும் சிறு நிரலுக்குப் பூட் லோடர் என்று பெயர்.

இந்த வரப்பு போடும் முறைக்கு வயது நாற்பதுக்கு மேல். 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. 1983 மார்ச்சில் வந்த பிசி எக்ஸ்டி மாதிரியில்தான் 10 மெகாபைட் டிஸ்க் உள்ளே வைத்தே விற்கப்பட்டது. கூடவே வந்த டாஸ் 2.0-இல் ‘எஃப்டிஸ்க்’ என்ற கருவி இருந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகள் ஒரு பத்திரம் போல ஒதுக்கப்பட்டன. அதில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு. 64 பைட்டுகள் பாகப் பட்டியலுக்கு. கடைசி 2 பைட்டுகள் முத்திரைக்கு. பட்டியலில் நான்கு பாகங்களை எழுதலாம், அவற்றில் ஒன்றைத்தான் ‘செயலில் உள்ளது’ என்று குறிக்கலாம். டாஸ் மட்டுமே ஓடும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருந்தால் இப்படியொரு குறிக்கே வேலையில்லை. அந்த நாளில் சிபி/எம்-86, யுனிக்ஸ் வகை இயங்குதளங்கள் ஆகியவையும் அதே கணினியில் ஓடக்கூடியவையாக இருந்தன. 10 மெகாபைட் காலத்திலேயே, ஒரு டிஸ்க்கைப் பல இயங்குதளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் என்று கணக்கிட்டே பட்டியல் எழுதப்பட்டது.

பத்திரம் ஒன்றே என்பதுதான் பிற்காலத் தகராறுகள் எல்லாவற்றுக்கும் வேர். முதல் 446 பைட்டில் கடைசியாக எழுதியவரே மடைக்குச் சொந்தக்காரர். விண்டோஸை நிறுவும்போது அது அந்த இடத்தில் தன் நிரலை எழுதிவிடும். பக்கத்துப் பாகத்தில் வேறொருவர் குடியிருப்பதை அது பொருட்படுத்தாது. லினக்ஸ் பக்கத்திலிருந்து வந்த பூட் லோடர்கள் இரு பக்கத்தையும் பட்டியலில் காட்டின. வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய ‘லிலோ’ 1990களின் தொடக்கத்திலும், எரிக் போலின் தொடங்கிய ‘கிரப்’ 1995-இலும் வந்தன. அதனால் முதலில் விண்டோஸ், அடுத்து லினக்ஸ் என்ற வரிசை டூயல் பூட் செய்கிறவர்களின் எழுதாத சட்டமானது. வரிசையை மாற்றிச் செய்தவர் லினக்ஸை இழந்ததாக நினைத்துப் பதறுவார்; உண்மையில் பாகம் அப்படியே இருக்கும், அதற்குப் போகும் வழி மட்டும் மறைந்திருக்கும்.

லினக்ஸின் பிறப்பே பார்ட்டிஷனோடு பின்னியது. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் ஒரு 386 கணினி வாங்கி, அதில் மினிக்ஸ் என்ற கற்பித்தல் இயங்குதளத்தைப் போட்டார். அதன்மேல் அமர்ந்தே தன் நிரலை எழுதினார். ஒருநாள் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கே அனுப்பிவிட, மினிக்ஸ் இருந்த பார்ட்டிஷன் சிதைந்தது. மறுபடி மினிக்ஸை நிறுவுவதா, தான் எழுதியதையே நம்பி நடப்பதா என்ற கேள்வி வந்தபோது அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். இன்னொருவரின் வயலில் ஓரமாக முளைத்த நாற்று தனி நிலம் கேட்ட கட்டம் அது.

இந்தியாவுக்கு லினக்ஸ் பெரும்பாலும் தபாலில் வந்தது. 1990களின் பிற்பகுதியில் ‘பிசிகுவெஸ்ட்’ பத்திரிகை லினக்ஸ் குறுந்தகடுகளை இதழோடு இணைத்துத் தந்தது. 2003-இல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃபார் யூ’ மாத இதழும் அப்படியே. உபுண்டு லினக்ஸை வெளியிடும் கனோனிகல் நிறுவனம், முகவரி கொடுத்த எவருக்கும் இலவசமாகக் குறுந்தகடு அனுப்பும் ‘ஷிப்இட்’ திட்டத்தை 2005 முதல் 2011 ஏப்ரல் வரை நடத்தியது. ஒரு முழுக் குறுந்தகட்டின் 700 மெகாபைட்டை டயல்-அப் இணைப்பில் இறக்க ஒரு நாளுக்கும் மேல் ஆகும் என்பதை நினைத்தால், சிறு நகரங்களுக்குத் தபால் உறை எவ்வளவு பெரிய வாசல் என்பது விளங்கும்.

அதற்கு முன்பே பார்ட்டிஷன் என்ற பழக்கம் வேறு காரணத்துக்காக இங்கே ஊன்றியிருந்தது. டாஸின் பழைய கோப்பு முறை 2 கிகாபைட்டுக்கு மேல் ஒரு பாகத்தை ஏற்காது. அதனால் 1990களில் அதைவிடப் பெரிய டிஸ்க்குகளை சி, டி, ஈ என்று கூறுபோட்டே ஆக வேண்டியிருந்தது. வரம்பு நீங்கிய பிறகும் பழக்கம் நீங்கவில்லை. சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் கல்யாண போட்டோவும் பாட்டும் படமும். வைரஸ் வந்தால் சி-யை மட்டும் ‘ஃபார்மட் அடிப்பார்கள்’, டி தப்பிக்கும். சர்வீஸ் கடைகளின் அன்றாடத் தொழிலே இந்தச் சி-டி பிரிவினையை நம்பி நடந்தது. ஒரு பாகத்தை அழித்தாலும் மற்றது பிழைக்கும் என்ற பாடத்தைத் தமிழ்நாட்டு வீடுகள் டூயல் பூட் வருவதற்கு முன்பே கற்றிருந்தன.

1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்தில், கணினி முதலில் வேரூன்றியது கல்லூரிகளிலும் வணிகத்திலும். 1956-இல் தொடங்கிய உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, ஏலக்காய் விவசாயிகள் சங்கம் போடிநாயக்கனூரில் தொடங்கிய கல்லூரி, பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி ஆகியவை ஒரு தலைமுறைக்குக் கணினியைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தன. கடைத்தெருவில் அது டாலி கணக்காகவும் டிடிபி சென்டராகவும் தெரிந்தது. ஏலக்காய்க் கமிஷன் மண்டியில் கணக்கு எழுத டாலி. பத்திரிகை, நோட்டீஸ், பிளெக்ஸ் போர்டு வடிவமைக்கப் பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும். தமிழ் தட்ட பாமினி போன்ற எழுத்துருக்கள். இந்த வரிசையில் இருந்த மென்பொருள்கள் எவற்றுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. கணினியால் சம்பாதிக்கலாம் என்று பள்ளத்தாக்கில் யாராவது சொன்னால், அவர் சொன்னது விண்டோஸ் கணினியை.

சென்னையிலோ வேறொரு காற்று வீசியது. அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாங்கும் கணினிகளில் சூசி லினக்ஸைப் போடத் தொடங்கியது. உரிமத்துக்குப் பணம் கட்டாமல் நிறைய கணினி வாங்கலாம் என்பது கணக்கு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்து ஏயு-கேபிசி ஆய்வு மையத்தோடு சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தியது. அதன் விளைச்சல்தான் ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’, சுருக்கமாக பாஸ். டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பட்டியும் தட்டச்சும் அமைத்து, 2007 ஜனவரியில் முதல் பதிப்பு வெளியானது. 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை இதில் தனியாக எதையும் வாங்காமல் பயன்படுத்தலாம். 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றபோது, பாஸ் ஏற்கெனவே அந்தப் பாதையில் நின்றிருந்தது.

2011 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக அறிவித்த வாக்குறுதிகளில் ஒன்று, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி. ஆட்சிக்கு வந்தபின் 2011 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திருத்திய வரவு செலவுத் திட்டத்தைச் சட்டமன்றத்தில் வைத்தவர் நிதியமைச்சர் ஓ. பன்னீர்செல்வம், பெரியகுளத்துக்காரர், போடிநாயக்கனூர் தொகுதி உறுப்பினர். முதல் ஆண்டுக்கு 9.12 லட்சம் மடிக்கணினிகள், அதற்கு 912 கோடி ரூபாய் என்று அதில் ஒதுக்கப்பட்டது. தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் என்ற மதிப்பீடு. ஐந்தாண்டில் 68 லட்சம் பேருக்கு என்பது முழுத் திட்டத்தின் அளவு. அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15-இல், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும், அந்த வகைக் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் உரியது இத்திட்டம். உத்தமபாளையம், போடிநாயக்கனூர், பெரியகுளம் கல்லூரிகளும், கூடலூரிலிருந்து ஆண்டிப்பட்டி வரையிலான மேல்நிலைப் பள்ளிகளும் இந்த வட்டத்துக்குள் வந்தன.

எல்காட் கேட்ட பெட்டியின் உள்ளமைப்பு அந்தக் காலத்துக்கு நடுத்தரமானது: 14 அங்குலத் திரை, 2 கிகாபைட் நினைவகம், 320 கிகாபைட் டிஸ்க். இயங்குதளப் பிரிவில்தான் புதுமை. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒரு பாகத்திலும் பாஸ் லினக்ஸ் இன்னொரு பாகத்திலும் இருக்க வேண்டும். விண்டோஸ் 7 குடும்பத்தில் ஸ்டார்ட்டர்தான் கடைக்குட்டி. 2 கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தை அது ஏற்காது; திரையின் பின்னணிப் படத்தைக்கூடப் பயனர் மாற்ற முடியாது. விலையைக் குறைக்க அது போதும் என்பது ஒரு பக்கம். லினக்ஸ் மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் ‘இது கம்ப்யூட்டரே இல்லை’ என்பார்களோ என்ற தயக்கம் இன்னொரு பக்கம். இரண்டையும் சமன் செய்ய முயன்ற முடிவாகவே அந்த டெண்டர் தெரிகிறது. கட்டற்ற மென்பொருளை விரும்பியவர்களுக்கு இது பாதி வெற்றி. ஆனாலும் இலட்சக்கணக்கான குடும்பங்களின் முதல் கணினியில் ஒரு பாகத்தை லினக்ஸுக்கு ஒதுக்கிய அரசு உலகில் அதிகம் இல்லை, அந்த அளவில் இந்த முடிவு மதிப்புக்குரியது.

பெட்டி வந்த பிறகு அந்த இரண்டாவது பாகம் பெரும்பாலும் தரிசாகக் கிடந்தது. அதற்கான காரணங்களைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றும் தொழில்நுட்பத்திலோ பாடத்திட்டத்திலோ போய் முட்டுகிறது.

முதலாவது, பாடநூல். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலின் முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸைக் கற்பித்தது. அது விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். ஆகவே அந்தப் பாடத்துக்காக யாரும் மறுபாகத்துக்குப் போக வேண்டியதில்லை. இரண்டாம் தொகுதி சி++. அதிலிருந்த நிரல்கள் டாஸ் காலத்து டர்போ சி++-க்காக எழுதப்பட்டவை. முதல் வரியில் ‘ஐஓஸ்ட்ரீம்.ஹெச்’, அடுத்து ‘கோனியோ.ஹெச்’, உள்ளே திரையைத் துடைக்கும் ‘கிளியர் ஸ்கிரீன்’ கட்டளை. லினக்ஸின் ஜி++ தொகுப்பியோ பின்னாளைய சி++ தரத்தைப் பின்பற்றுவது. கோனியோ என்பதே அதனிடம் கிடையாது. ஆர்வத்தோடு பாஸைத் திறந்து பாடப்புத்தகத்து நிரலை அப்படியே தட்டிய மாணவருக்கு முதல் வரியிலேயே பிழை வரும். புத்தகம் சரி, கணினி தப்பு என்றே அந்த வயதில் தோன்றும். செய்முறைத் தேர்வும் டர்போ சி-யில் என்றால், மறுபடி அந்தப் பக்கம் போக என்ன காரணம் இருக்கிறது?

அடுத்தது இணையம். 2011-12-இல் சிறு ஊர்களில் மடிக்கணினிக்கு இணையம் வந்த வழி யூஎஸ்பி டேட்டா கார்டு. விண்டோஸில் செருகினால் தானே நிறுவிக்கொள்ளும் மென்பொருள் அதற்குள்ளேயே இருந்தது. லினக்ஸில் அதே கார்டு முதலில் ஒரு குறுந்தகடு இயக்கி போலவே அடையாளம் காட்டும். அதை மோடமாக மாற்ற ஒரு கருவி, பிறகு இணைப்பு எண்ணும் அமைப்பும் தர வேண்டும். வழி தெரியாதபோது தேடிப் பார்க்க இணையம் வேண்டும். அந்த இணையம்தான் இல்லாதது. இப்படி ஒரு முடிச்சில் சிக்கிய பலருக்கு பாஸ் என்பது ‘நெட் வராத பக்கம்’ ஆனது.

மூன்றாவது, இரு பாகங்களுக்கிடையே இருந்த ஒருவழிப் பார்வை. லினக்ஸ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பாகத்தைத் திறந்து படிக்கும், எழுதும். 2007-இல் நிலைபெற்ற என்டிஎஃப்எஸ்-3ஜி இயக்கி அதைச் சாத்தியமாக்கியது. விண்டோஸுக்கோ லினக்ஸின் கோப்பு முறை தெரியவே தெரியாது. பாஸில் சேமித்த கட்டுரையை விண்டோஸில் தேடினால் கிடைக்காது. அதைவிட மோசம், விண்டோஸின் டிஸ்க் மேலாண்மைத் திரையில் லினக்ஸ் பாகம் பெயரும் எழுத்தும் இல்லாத வெற்றிடம் போலத் தோன்றும்.

அந்த வெற்றிடத் தோற்றம் பல பெட்டிகளுக்கு எமனானது. இடம் போதவில்லை, இந்தச் சும்மா கிடக்கும் பாகத்தை அழித்து டி டிரைவோடு சேர்க்கலாம் என்று யாரோ அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் எதுவும் நடக்காது. மறுமுறை கணினியைத் தொடங்கும்போது கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற ஒற்றை வரி மட்டும் நிற்கும். கிரப்பின் சிறு துண்டு டிஸ்க்கின் முகப்பில் இருக்கும்; மீதிக் கோப்புகள் லினக்ஸ் பாகத்துக்குள் இருக்கும். வீட்டை இடித்தவருக்கு வாசற்காரர் அங்கே குடியிருந்தது தெரியாது. விண்டோஸ் அப்படியே பத்திரமாக இருக்கும், ஆனால் அதற்குப் போகும் வழி அடைபட்டிருக்கும். நிறுவல் வட்டைப் போட்டு முகப்புப் பகுதியை மறுபடி எழுதினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும் வேலை இது. தெரியாதவருக்கு அது செத்த பெட்டி. கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைத்த வைத்தியம் ஒன்றே: முழு டிஸ்க்கையும் ஃபார்மட் அடித்து, விண்டோஸ் 7-இன் உயர்பதிப்பு ஒன்றை உரிமமில்லாமல் போடுவது. பின்னணிப் படமும் மாற்றலாம் என்பதால் மாணவருக்கும் மகிழ்ச்சி. அரசு கொடுத்த முறையான ஸ்டார்ட்டர் உரிமமும் போனது, பாஸும் போனது.

2012-இல் நீடித்த மின்வெட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத மாதங்கள் அவை. லோயர் கேம்பில் பெரியாறு நீர்மின் நிலையமும் ஆண்டிப்பட்டிப் பக்கம் காற்றாலைகளும் இருக்கும் மாவட்டமும் இதற்கு விலக்கில்லை. பேட்டரி இருந்ததால் மடிக்கணினி மேசைக் கணினியைவிடப் பயன்பட்டது. பார்ட்டிஷன் வேலைக்கு மட்டும் அது ஆபத்தான காலம். ஒரு பாகத்தைச் சுருக்கி இன்னொன்றை விரிக்கும்போது உள்ளிருக்கும் தரவை இடம் நகர்த்த வேண்டும். 320 கிகாபைட் டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் ஓடும். பாதியில் பேட்டரி தீர்ந்தால் இரு பக்கமும் போய்விடும். பாகத்தில் கை வைக்கும் முன் நகலெடு, கரண்டில் செருகு என்ற இரண்டு எச்சரிக்கைகளும் இங்கே வெறும் சம்பிரதாயமாக இருக்கவில்லை.

பாஸ் பாகம் உயிரோடு இருந்த இடங்களும் உண்டு. பொறியியல், கணினிப் பட்டப்படிப்புகளின் இயங்குதள ஆய்வகத்தில் யுனிக்ஸ் கட்டளைகள், ஷெல் நிரல், புதிய செயலாக்கத்தைப் பிரிக்கும் ‘ஃபோர்க்’ அழைப்பு ஆகியவற்றைச் செய்தே காட்ட வேண்டும். 2012-இல் போடிநாயக்கனூரில் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியது. அத்தகைய கல்லூரி மாணவருக்கு ஆய்வகத்தில் செய்ததை விடுதியில் திரும்பச் செய்ய ஒரு லினக்ஸ் பாகம் கையிலேயே இருந்தது பெரிய வசதி. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் லினக்ஸையும் கட்டற்ற மென்பொருளையும் தமிழிலேயே விளக்கத் தொடங்கியது. ஆங்கிலக் கையேட்டைக் கண்டு மலைத்த மாணவர்களுக்கு, டெர்மினலில் என்ன தட்ட வேண்டும் என்பதைத் தாய்மொழியில் சொன்ன முதல் தொடர்ச்சியான முயற்சிகளில் அதுவும் ஒன்று. மடிக்கணினி வந்த வேகத்தோடு இப்படியான தமிழ் வழிகாட்டியும் பள்ளிக்குப் பள்ளி அச்சாகிச் சேர்ந்திருந்தால், தரிசு இவ்வளவு பரந்திருக்காது.

ஒப்பிட்டுப் பார்க்கத் தொலைதூரம் போக வேண்டாம். கம்பத்திலிருந்து மலையேறினால் இருபத்து சொச்சம் கிலோமீட்டரில் குமுளி. கேரளம் 2001-இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கி, 2005 முதல் பத்தாம் வகுப்பில் தகவல் தொழில்நுட்பத்துக்குத் தேர்வு வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகளை முழுமையாகக் குனு/லினக்ஸுக்கு மாற்றி, தேர்வையும் அதிலேயே நடத்தியது. அங்கே வீட்டுக்கு வீடு மடிக்கணினி தரப்படவில்லை. பள்ளி ஆய்வகத்தில் ஒரே இயங்குதளம், பயிற்சி பெற்ற ஆசிரியர், பாடநூல், மதிப்பெண் என்று நான்கும் ஒன்றாகக் கோக்கப்பட்டன. இடுக்கியின் தமிழ்வழிப் பள்ளிகளும் அந்தப் பாடத்திட்டத்துக்குள் இருந்தன. ஏலத்தோட்ட வேலைக்கும் உறவுக்குமாகத் தினமும் மலையேறி இறங்கும் குடும்பங்களில், ஒரே வயதுப் பிள்ளைகளில் மேலே படித்தவருக்கு லினக்ஸ் தேர்வுப் பாடமாகவும் கீழே படித்தவருக்கு அது திறக்காத பாகமாகவும் இருந்தது. பெட்டியை வைத்துப் பார்த்தால் கீழே இருந்தவரே கொடுத்து வைத்தவர். கேரளத்தில் முதலில் கிடைத்தது பாடம், தமிழ்நாட்டில் முதலில் கிடைத்தது பொருள்.

தமிழ்நாட்டில் பாடம் பின்னால் வந்தது. பாடத்துக்கு முன் அலுவலகங்களில் ஓர் அசைவு தெரிந்தது: 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, அரசுத் துறைகள் பழைய கணினிகளில் பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம் என்று தகவல் தொழில்நுட்பத் துறை வழிகாட்டியது. 2018-இல் வெளியான புதிய பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூல், இயங்குதளப் பாடத்தில் விண்டோஸோடு உபுண்டுவையும் சேர்த்துக் கற்பித்தது. சி++ நிரல்களும் பழைய டர்போ வழக்கிலிருந்து தற்காலத் தரத்துக்கு மாறின. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கு பைத்தான் வந்தது. அது எந்தப் பாகத்தில் இருந்தாலும் ஒரே மாதிரி ஓடும். 2011-இல் பெட்டியோடு வந்திருக்க வேண்டிய புத்தகம் ஏழு ஆண்டு கழித்து வந்தது.

அதற்குள் வரப்பு போடும் முறையே மாறியிருந்தது. 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 காலத்திலிருந்து புதிய மடிக்கணினிகள் பழைய 512 பைட்டுப் பத்திரத்தை விட்டு, யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்கும் ஜிபிடி என்ற பாகப் பட்டியலுக்கும் நகர்ந்தன. நான்கு பாக வரம்பு போனது. விண்டோஸில் 128 வரை பிரிக்கலாம். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கும் பிரச்சினையில்லை. ஒவ்வொரு இயங்குதளமும் தன் தொடக்க நிரலை ஒரு பொதுப் பாகத்தில் தனித்தனிக் கோப்புறையில் வைக்கும். ஆகவே ஒன்று மற்றதை அழித்தெழுதும் பழைய சண்டை பெருமளவு தீர்ந்தது. புதிய பூட்டு ஒன்றும் வந்தது. கையொப்பமில்லாத தொடக்க நிரலை ‘செக்யூர் பூட்’ உள்ளே விடாது; லினக்ஸ் தரப்பு ‘ஷிம்’ என்ற கையொப்பமிட்ட சிறு நிரலை முன்னே நிறுத்தி அதைக் கடந்தது. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி கணினியை முழுதாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் வைக்கிறது. அந்த நிலையில் விண்டோஸ் பாகத்தில் எழுதினால் தரவு கெடும் என்பதால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும்.

இந்தியப் பயனருக்கு ஒரு குழப்பம் இன்றும் உண்டு. கணினியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் பன்னாட்டு நேரமாகக் கொள்ளும்; விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்ளும். சரியாக அமைக்காவிட்டால், லினக்ஸை அணைத்துவிட்டு மாலை ஆறு மணிக்கு விண்டோஸைத் திறப்பவருக்குப் பகல் பன்னிரண்டரை என்று காட்டும். அந்த ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைப் பார்த்து மதர்போர்டு பேட்டரியை மாற்றியவர்கள் உண்டு. லினக்ஸில் உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தச் சொல்லும் ஒரே கட்டளை போதும்.

இரண்டு இயங்குதளம் வேண்டும் என்பதற்காகப் பாகம் பிரிக்கும் தேவையும் குறைந்து வருகிறது. 8 கிகாபைட் நினைவகம் இருந்தால் விண்டோஸுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியில் லினக்ஸை ஓட்டலாம். 2016 முதல் விண்டோஸ் 10-இலேயே லினக்ஸ் கட்டளைச் சூழலை நிறுவ வழி வந்துவிட்டது. 2 கிகாபைட் நினைவகத்தோடு வந்த 2011-ஆம் ஆண்டுப் பெட்டிக்கு இந்தச் சொகுசு இல்லை. அதில் பார்ட்டிஷன்தான் ஒரே வழி.

அந்தப் பெட்டிகளில் பிழைத்திருப்பவற்றின் நிலை இப்போது தலைகீழ். விண்டோஸ் 7-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-இல் நின்றன. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல். விண்டோஸ் 11 குறைந்தது 4 கிகாபைட் நினைவகமும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் கேட்பதால் இவற்றில் முறைப்படி ஏறாது. அன்று வந்த பாஸ் பதிப்பும் பழையதாகிவிட்டது. ஆனால் அது இருந்த பாகத்தில் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற இலகுவான திரையமைப்பு கொண்ட இன்றைய லினக்ஸ் ஒன்றைப் போட முடியும். பென் டிரைவிலிருந்து தொடங்கி, ஜிபார்ட்டட் கருவியில் பழைய லினக்ஸ் பாகத்தை மட்டும் தேர்ந்து அழித்து, அதே இடத்தில் புதியதை நிறுவினால், பக்கத்தில் விண்டோஸ் 7-இல் கிடக்கும் பழைய படங்களும் ரெக்கார்டு நோட்டுகளும் அப்படியே இருக்கும். புதிய கிரப் பட்டியலில் இரண்டு வரிகளும் மறுபடி தோன்றும்.